வேலாங்கரடு வரை ஒரு பஸ்

ஆகஸ்ட் 15

இன்று கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். நான்! இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. அவரிடம் சொன்னால் "சரி, சோத்தைப் போடு" என்பார். அதனால் உரக்கடையில் புது வருசத்துக்குக் கொடுத்த இந்த டைரியைத் தேடி எடுத்தேன். ஏழு மாதமாக மிக்சி ஆடாமல் இருக்க அதன் அடியில் கிடந்தது.

பக்கத்து வீட்டு ரஹ்மத்தக்கா காலையில் தையல் மிஷினை மூடிவிட்டு வந்தார். "பாக்கியம், கிராம சபைக்கு ஆள் பத்தலையாமா. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்தர்லாம், வா" என்றார். மூட்டு வலி என்றேன். இந்த இரண்டு வருடமாக யார் எங்கே கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். ரஹ்மத்தக்கா விடவில்லை. "பள்ளிக்கூடந்தானே, இருபது எட்டு. மெதுவா வா."

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். தலைவர் சம்பூர்ணம்மா சாக்கடை, தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி என்று வாசித்துக்கொண்டே போனார். முடித்துவிட்டு, "வேற ஆராச்சும் எதாச்சும் கேக்கறதுங்களா?" என்றார். யாரும் அசையவில்லை. எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பதினாலு பி பஸ்ஸு எப்பங்க திரும்ப வரும்?"

டவுனில் இருந்து எங்கள் செங்கரைப்புதூர் வழியாக, ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேலாங்கரடு வரை போய்க்கொண்டிருந்த பஸ் அது. கொரோனாவுக்கு நின்றது நின்றதுதான். இப்போது மூன்று கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டுப் பிரிவோடு திரும்பிவிடுகிறது.

"அது டெப்போக்காரங்க பாக்கற விசயமுங்க. நம்ம கையில இல்லீங்களே" என்றார் தலைவரம்மா.

"கேக்கறது நம்ம கையிலதானுங்களே இருக்குது?"

பெண்கள் பக்கம் சிரிப்பும் கைதட்டலும். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கூட்டம் முடிந்து கையெழுத்துப் போடும்போது ஊராட்சிச் செயலர் எழுதியதை வாசித்தேன். 'பேருந்து குறித்து விவாதிக்கப்பட்டது' என்று இருந்தது.

"விவாதிச்சா பஸ் வந்துருங்களா தம்பி? தீர்மானம்னு எழுதுங்க" என்றேன். அவர் தலைவரம்மாவைப் பார்த்தார். அந்தம்மா சிரித்துவிட்டு, "எழுதுங்க" என்றார். அடித்துவிட்டு எழுதினார்.

"நம்மூரு வரைக்கும்னு போட்டாப் போதாதுங்களா?" என்று செயலர் கேட்டார்.

"பழைய ரூட்டே வேலாங்கரடு வரைக்குந்தானுங்க. பாதியில எப்படி நிறுத்தறது?"

பழைய ரூட் என்றால் பழைய ரூட்தான். அதில் வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 16

அவர் காதுக்குப் போய்விட்டது. ஊர் வளைவில் இவருடைய டிராக்டர் பட்டறை. நாச்சிமுத்து பட்டறை என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தச் செய்தியும் முதலில் அங்கேதான் ரிப்பேருக்கு வரும்.

"கூட்டத்துல என்னமோ பேசுனியாமா?"

"பஸ்ஸு கேட்டனுங்க."

"பஸ்ஸேறி நீ எங்க போற?"

"நான் எங்கீங்க போறேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாவமுங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மோர் கேட்டார்.

ஆகஸ்ட் 21

டெப்போவுக்குப் போனோம். நான், ரஹ்மத்தக்கா, சத்துணவு சமைக்கும் தங்கமணி. மூன்று பேரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி. மேலாளர் விரட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மூன்று விஷயம் சொன்னார். இரண்டு ஊராட்சியின் தீர்மானமும் வேண்டும். தினமும் எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற கணக்கு வேண்டும். பிறகு அவர்கள் ஆள் வந்து ரோட்டைப் பார்க்க வேண்டும்.

காகிதம் கொண்டுபோக மறந்துவிட்டோம். மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வரும் வழியில் பேக்கரியில் தேங்காய் பன் தின்றோம். தங்கமணி சொன்னாள், "நம்மளுக்குள்ள இத்தனை தைரியம் இருந்துச்சுங்களாக்கா?" வாய் நிறைய பன்னோடு சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன்?

வீட்டுக்கு வந்து கை கழுவவே மனசு வரவில்லை. வேறு வழியில்லாமல் இதில் எழுதிவிட்டுக் கழுவினேன்.

ஆகஸ்ட் 26

காலை ஆறு மணிக்கே மெயின் ரோட்டுப் பிரிவில் போய் நின்றோம். கையில் நோட்டு. ஒரு ஆளுக்கு ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. பள்ளிப் பிள்ளைகள், தென்னைநார் மில்லுக்குப் போகும் பெண்கள், பால் கேன்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்கள். நர்சிங் படிக்கும் ஒரு பெண் தினமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறாளாம், தேயாமல் இருக்க. ஒன்பது மணிக்குக் கூட்டிப் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு பேர்! ஒரு பஸ் கொள்ளாது!

அதில் வேலாங்கரட்டுப் பக்கம் இருந்து ஆட்டோவிலும் வண்டியின் பின்னாலும் வந்தவர்கள் இருபத்தொன்பது. கணக்குத் தப்பக்கூடாது என்பதற்காக அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நன்றாகப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 27

இன்றும் எண்ணினேன். நூற்றாறு. மூட்டு வலிக்கவே இல்லை.

செப்டம்பர் 3

வேலாங்கரட்டுக்குப் போய் அந்த ஊர்க்காரர்களிடம் தீர்மானம் கேட்க வேண்டும். யார் போவது என்று பேச்சு வந்தது. எனக்கு மிளகாய் காயப்போடும் வேலை இருந்தது. சொன்னேன். தங்கமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரஹ்மத்தக்கா அவள் தொடையைத் தட்டிவிட்டு, "நான் போய்ட்டு வாறேன்" என்றார்.

மிளகாய் காயப்போடவில்லை. மேகமாக இருந்தது.

செப்டம்பர் 5

ரஹ்மத்தக்கா தன் ஸ்கூட்டியில் போய்விட்டு வந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் வீடு வீடாகப் போய் இதே பஸ்ஸுக்காகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாளாம். மூன்று மாதமாக. எண்பத்து நாலு கையெழுத்து. நகலை என்னிடம் நீட்டினார். நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, முருங்கை மரத்தைப் பார்த்தார்.

தலைப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 'ழ'வின் வாலை இரண்டு சுற்றுச் சுற்றி விடுகிற எழுத்து. இரண்டாம் வகுப்பில் அதற்காக அடி வாங்கினாள்.

மோகனப்பிரியா. என் மகள். எழுதிவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மில்லில் கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு போனாள். அவர்கள் வேறு சாதி. வேறு சாதி என்று நான் நாசூக்காக எழுதுகிறேன். ஊர் அதைச் சொன்ன விதம் வேறு. இவர் வாசலில் நின்று, "இனி இந்த ஊட்டுல அவ பேரு வரக்கூடாது" என்றார். வரவில்லை. எனக்கு மூன்று முறை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. நாலாவது முறை அவள் செய்யவில்லை.

பட்டியலில் முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டாவது அந்தப் பையனுடையதாக இருக்கும்.

"நல்லா இருக்காளாக்கா?"

"நல்லா இருக்கா. டீ வெச்சுக் குடுத்தா. உன்னைய மாதிரியே கூட்டத்துல சண்டை போடுவா போல" என்றார் ரஹ்மத்தக்கா.

பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நூற்றுப் பன்னிரண்டு பேர் பஸ் இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள்.

அக்டோபர் 2

இரண்டு ஊரிலும் இன்று கிராம சபை. வேலாங்கரட்டிலும் தீர்மானம் நிறைவேறிவிட்டது! ரஹ்மத்தக்காவின் போனுக்குப் படம் வந்தது. தீர்மான நோட்டு தெளிவாக இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நோட்டு ஓரத்தில் சின்னதாகத்தான் இருந்தது. நடுவில் பச்சைப் புடவையில் ஒருத்தி கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

அக்டோபர் 14

கலெக்டர் ஆபீசில் மனு நாள். இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து போய்க் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. இவரிடம் சொன்னேன். "போறதுன்னாப் போ" என்றார். அவ்வளவுதான். காலையில் மனுவை நாலு தடவை வாசித்தேன்.

வேலாங்கரட்டுக்காரர்கள் ஒரு வேனில் வந்தார்கள். நாலாவதாக இறங்கினாள்.

"வாங்கம்மா" என்றாள்.

"ம்" என்றேன். பிறகு வரிசையில் நின்றோம், எங்களுக்கு நடுவில் ரஹ்மத்தக்கா.

உள்ளே ஒரு பெண் அதிகாரி. "உங்கள்ல பேசறது யாரு?" என்று கேட்டார்.

"நானுங்க" என்றோம். இரண்டு பேரும், ஒரே நேரத்தில். அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "சரி, ரெண்டு பேரும் சொல்லுங்க."

நான் எண்ணிக்கையைச் சொன்னேன். அவள் மில்லில் எட்டரைக்குக் கதவை மூடிவிடுவதையும், நேரம் தவறினால் அரை நாள் போவதையும் சொன்னாள். நான் விட்ட இடத்தில் அவள் பிடித்தாள். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் நான். ஐந்து நிமிடம்தான் இருக்கும். அதிகாரி எங்கள் எதிரிலேயே டெப்போவுக்குப் போன் போட்டுவிட்டார்! ஒரு வாரத்தில் ரோட்டைப் பார்க்க ஆள் வருமாம்! தங்கமணி வராந்தாவில் என்னைத் தூக்கியே விட்டாள்.

வெளியே புங்கமரத்தடியில் டீ குடித்தோம். நானும் அவளும் பஸ்ஸைப் பற்றி மட்டுமே பேசினோம்.

"காலைல ஏழே முக்காலுக்கு எங்கூர்ல எடுத்தா, எட்டுக்கு நம்மூரு வந்துருமுங்கம்மா."

"எட்டுன்னா பள்ளிக்கூடத்துக்கு ரொம்ப சீக்கிரம். எட்டேகால் பண்ணலாமே."

"மில்லுக்காரங்களுக்கு ஆகாதுங்கம்மா."

"அப்ப எட்டே இருக்கட்டும்."

வேன் கிளம்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "மூட்டு வலி இப்ப எப்படீங்கம்மா இருக்குது?" என்றாள்.

நான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்த பொய் ஏழு கிலோமீட்டர் போயிருக்கிறது. யாரையோ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நம்மூரு என்று சொன்னாள்.

அக்டோபர் 22

இன்று ஆள் வந்தார்கள். டேப் வைத்து ரோடு முழுக்க அளந்தார்கள். எல்லாம் சரி, ஒரே ஒரு இடம்தான். ஊர் வளைவு. பஸ் திரும்ப இன்னும் ஆறடி வேண்டும். ஒரு பக்கம் பொதுக்கிணறு. இன்னொரு பக்கம் ஒரு பட்டறையின் முன்சாய்ப்பு, ரோட்டுப் புறம்போக்கில் ஆறடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே பழைய டயர், கலப்பை, இஞ்சின் கூடு.

சம்பூர்ணம்மா என்னைப் பார்த்தார். எல்லோருமே பார்த்தார்கள். இவர் பட்டறைக்குள் கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார்.

"வேற வழி இருக்குதான்னு பாப்பமுங்க" என்றார் தலைவரம்மா மெதுவாக.

"வேற வழி இல்லீங்க" என்றார் அளக்க வந்தவர். "இது எடுத்தாத்தான் பஸ்ஸு. ஊர்க்காரங்க எழுதிக் குடுத்தீங்கன்னா பதினஞ்சு நாள் நோட்டீஸ் விட்ரலாம்."

யாரும் பேனாவைத் தொடவில்லை.  நான் போய்ப் பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டேன். தனபாக்கியம் நாச்சிமுத்து. எனக்குப் பின்னால் ரஹ்மத்தக்கா போட்டார்.

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"என்ற பட்டறைய இடிச்சுப் போட்டு அவ ஊட்டுக்குப் பஸ் உடறயா?"

இந்த இரண்டு மாதத்தில் எனக்கு நானே கூட இதைச் சொல்லிக்கொண்டதில்லை. ஊரே சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். பிள்ளைகள் பாவம் என்று சொல்ல வாய் வந்தது. மில் பெண்கள், நர்சிங் பெண், நூற்றுப் பன்னிரண்டு, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. எல்லாம் உண்மையும்கூட.

"ஆமாங்க" என்றேன். "எல்லாருத்துக்குந்தான் கேட்டேன். அவளுக்குஞ் சேத்துத்தான் கேட்டேன். ரெண்டு வருசமா எம்புள்ள ஊட்டுப் பக்கமே போகலீங்க. நடந்து போகத் தைரியம் இல்லாமத்தான் பஸ்ஸு கேட்டேன்."

அவர் என்னை அடிக்கிற மனிதர் இல்லை. திட்டவும் இல்லை. திரும்பிப் பட்டறைக்குப் போனார். சாப்பாட்டுக்கு வரவில்லை.

பயமாக இருக்க வேண்டும். ஆனால் மார்பில் இருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. இரண்டு பேர் சோற்றையும் நானே தின்றுவிட்டேன்.

அக்டோபர் 25

பேச்சில்லை.

அக்டோபர் 29

முறுக்குச் சுட்டேன். டப்பாவில் எடுத்துப் பட்டறையில் வைத்துவிட்டு வந்தேன். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. பேச்சில்லை.

நவம்பர் 5

நோட்டீசுக்கு நாளை கடைசி நாள். பொக்லைன் வரும் என்றார்கள். காலையில் தகரம் இழுபடும் சத்தம் கேட்டு ஓடினேன். இவரே கூரை மேல் ஏறி நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே இரண்டு பேர் தகரத்தை வாங்கி அடுக்கினார்கள். டயர், கலப்பை எல்லாம் ஏற்கெனவே பின்பக்கம் போயிருந்தது.

"நீங்களே எதுக்குங்க மேல ஏறறீங்க? அவங்க வந்து எடுப்பாங்களே" என்றேன்.

"மிஷினு கை வெச்சா தகரமெல்லாம் வளைஞ்சு போயிரும்." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். பதினான்கு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை. "அந்தப் பதினெட்டு நெம்பர் ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் வரை கீழேயே நின்றேன்.

நவம்பர் 18

பஸ் வந்துவிட்டது! பஸ் வந்துவிட்டது! இரண்டு தடவை எழுதினால் தப்பில்லை.

முன்னால் வாழைக்கன்று, கண்ணாடிக்குக் குறுக்கே செவ்வந்தி மாலை, நெற்றியில் '14 பி வேலாங்கரடு'. சம்பூர்ணம்மா தேங்காய் உடைத்தார். தங்கமணி கண்டக்டருக்கே இனிப்புக் கொடுத்தாள். பள்ளிப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் டிரைவர் ஹாரன் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், ரஹ்மத்தக்கா பக்கத்தில். மடியில் பை. பையில் இந்த டைரி, ஒரு டப்பா எள்ளுருண்டை.

வளைவில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் புதியவர். கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்த்துத் தயங்கினார். அப்போது பட்டறையில் இருந்து இவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். ரோட்டு நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"வரட்டும்… வரட்டும்… லெப்ட்டுல ஒடி… இன்னும் ஒடி… நேராக்கு… வரட்டும்… ரைட்!"

பஸ் ஒரு சாண் இடைவெளியில் திரும்பியது. பஸ்ஸே கைதட்டியது. அவர் என் ஜன்னலுக்கு நேராக வந்தார்.

"திரும்பி எந்த பஸ்ஸுல வாறே?"

"தெரீலீங்க."

"அஞ்சேகாலுக்குக் கடைசி. உட்டுப்போடாதே."

பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். கிளம்பியது.

இதை மோகனாவின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இறங்கியபோது நிறுத்தத்தில் நின்றிருந்தாள். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுவோம் என்று நினைத்திருந்தேன். அவள், "அஞ்சு நிமிசம் லேட்டுங்கம்மா" என்றாள். அதற்குத்தான் அழுகை வந்தது, இரண்டு பேருக்கும். மாப்பிள்ளை நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் துடைத்தார். அவர் பெயர் அருள்செல்வன்.

சாப்பிட்ட பிறகு மோகனா சொன்னாள், மில்லில் இரண்டாவது ஷிப்ட் ஆறு மணிக்கு விடுகிறதாம். கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு என்றால் அந்தப் பெண்களுக்கு என்ன பயன்? சரிதானே! ஏழு மணிக்கு ஒரு நடை வேண்டும். அவள் கோடு போட்ட காகிதம் எடுத்தாள். ரஹ்மத்தக்கா மூன்றே கால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார், தைக்கிற வேலை கிடக்கிறதென்று. நானும் மோகனாவும் வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் என்னை 'மோகனாவோட அம்மா' என்று உட்கார வைத்தார்கள்.

ஹாரன் கேட்டது. இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது. பாதியில் விட்டுவிட்டு எப்படி ஓடுவது?

ஐந்தரைக்கு இவருக்குப் போன் போட்டேன்.

"பஸ்ஸ உட்டுட்டனுங்க."

அந்தப் பக்கம் பட்டறையில் ஏதோ இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம்.

"ஊடு எந்தப் பக்கம்?" என்றார்.

 போனை மோகனாவிடம் கொடுத்தேன்.